விண்வெளிக் காணொளி விளையாட்டுகளில் கையிருப்பும் ஊடாட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

விண்வெளியைக் களமாகக் கொண்ட காணொளி விளையாட்டுகளில் ஆட்டக்காரர் திரட்டும் கருவிகளும் பொருள்களும் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே திரையில் தோன்றுகின்றன. பட்டியலைத் திறந்ததும் ஆட்டம் நிற்கிறது. பொருளைத் தேர்ந்து விசையை அழுத்தியதும் பயன் கிட்டுகிறது. இவ்வமைப்பில் பொருள் உண்டு. பொருளைக் கையாளும் செயல் இல்லை. கையிருப்பின் பயன்பாட்டை ஊடாட்டம் மிக்கதாக ஆக்கும் கூறுகள் எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1983 முதல் 2023 வரை வெளிவந்த சில விளையாட்டுகளும், விண்பயண வரலாற்றின் இரு நிகழ்வுகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இடம், காலம், பண்பு, சுமை ஆகிய நான்கும் கையிருப்பின் ஊடாட்டத்தை அளக்கும் அளவுகோல்களாக முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, கையிருப்பு, ஊடாட்டம், இடைமுகம், கதையுலகு, விண்பணி.

முன்னுரை

விண்வெளி பற்றாக்குறையின் களம். மூச்சுக்காற்று, நீர், மின்னாற்றல், எரிபொருள் அனைத்தும் அங்கு அளந்தே கொண்டுசெல்லப்படுகின்றன. மறந்துவிட்ட ஒரு திருகாணியை எடுத்துவரத் திரும்பிச் செல்ல இயலாது. ஆகவே, ஒரு விண்பணியின் கதையைச் சொல்லும் எந்தக் கலைவடிவமும் ‘கையில் என்ன இருக்கிறது’ என்னும் வினாவைத் தவிர்க்க முடியாது. திரைப்படமும் புதினமும் இவ்வினாவைக் காட்சியாலும் விவரிப்பாலும் எதிர்கொள்கின்றன. காணொளி விளையாட்டோ அதை ஆட்டக்காரரிடமே ஒப்படைக்கிறது.

ஆயினும், விண்வெளி விளையாட்டுகள் பலவற்றில் இவ்வினா அதன் கூர்மையை இழந்துவிடுகிறது. வெற்றிடத்தில் மிதந்துகொண்டிருக்கும் கதைமாந்தர் ஒரு விசையை அழுத்தியதும் உலகம் உறைகிறது. நூற்றுக்கணக்கான பொருள்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்றைத் தொட்டதும் சிக்கல் தீர்கிறது. பற்றாக்குறையின் களம் பண்டசாலையாக மாறிவிடுகிறது. இம்மாற்றம் நிகழ்வது ஏன், அதனைத் தவிர்த்த படைப்புகள் கையாண்ட வழிகள் எவை, அவ்வழிகளுக்கு உரிய எல்லைகள் எவை என்பன இக்கட்டுரையின் ஆய்வு வினாக்களாகும்.

கையிருப்பு: சொல்லும் பொருளும்

விளையாட்டுத் துறையில் ‘இன்வென்டரி’ என வழங்கும் சொல் வணிக வழக்கிலிருந்து வந்தது. கடையிலும் கிடங்கிலும் உள்ள சரக்குகளின் கணக்கை அது குறித்தது. தமிழில் அதற்கு இணையாகச் ‘சரக்கிருப்பு’, ‘பொருட்பட்டியல்’, ‘கையிருப்பு’ ஆகியவற்றை ஆளலாம். முதலிரண்டும் கணக்கை முதன்மைப்படுத்துகின்றன. ‘கையிருப்பு’ என்பதிலோ ‘கை’ என்னும் உறுப்பு உள்ளது. பொருளுக்கும் உடலுக்குமான உறவை அச்சொல் தாங்கி நிற்கிறது. இவ்வுறவே கட்டுரையின் மையம் ஆதலின், ‘கையிருப்பு’ என்னும் சொல்லே இங்குப் பயன்படுத்தப்படுகிறது.

‘ஊடாட்டம்’ என்பதையும் வரையறுத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு வடிவமைப்பாளர் கிறிஸ் கிராஃபோர்டு, இரு தரப்பும் மாறி மாறிக் கேட்டு, சிந்தித்து, பேசும் சுழற்சியாக ஊடாட்டத்தை விளக்கினார். இவ்விளக்கத்தின்படி, விசைகளை மிகுதியாக அழுத்த நேர்வது ஊடாட்டம் ஆகாது. ஆட்டக்காரரின் செயலுக்கு ஆட்டவுலகு மறுமொழி தரவேண்டும். அம்மறுமொழி அடுத்த முடிவை மாற்றவேண்டும். ஒரு பொருளை எடுக்கும்போதும், சுமக்கும்போதும், பயன்படுத்தும்போதும் ஆட்டவுலகு மறுமொழி தருமாயின், அக்கையிருப்பு ஊடாட்டம் உடையது எனலாம்.

பட்டியல் மரபின் வளர்ச்சி

தொடக்கக் காலக் கணினி விளையாட்டுகள் சொற்களால் மட்டுமே ஆனவை. இன்ஃபோகாம் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ‘பிளானட்ஃபால்’ என்னும் விண்வெளி விளையாட்டில் ஆட்டக்காரர் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தால், அவர் சுமப்பவற்றின் பட்டியல் திரையில் வரும். உரையே உலகமாக அமைந்த வடிவத்தில் பட்டியலும் உரையாக அமைந்தது இயல்பே. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் டக்ளஸ் ஆடம்சின் கதையுலகைக் கொண்டு உருவாக்கிய ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்சி’ இம்மரபையே எள்ளி நகையாடியது. ‘தேநீர் இன்மை’ என்பதும் அதில் ஒரு பொருளாகப் பட்டியலில் இடம்பெறும். தேநீரையும் தேநீர் இன்மையையும் ஒருங்கே வைத்திருப்பதே ஒரு புதிரின் தீர்வாகும்.

1984-இல் டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகியோர் உருவாக்கிய ‘எலைட்’ கையிருப்பை வணிகமாக்கியது. ஆட்டக்காரரின் விண்கலத்தில் 20 டன் சரக்கு ஏற்றலாம். கூடுதல் அறை வாங்கினால் 35 டன் வரை ஏற்றலாம். சரக்கு எண்ணாகவே தோன்றினும், அவ்விளையாட்டில் ஒரு புதுமை இருந்தது. உரிய கருவி பொருத்தப்பட்டிருந்தால், வெளியில் மிதக்கும் சரக்குக் கொள்கலனைக் கலத்தைச் செலுத்தியே அள்ளிக்கொள்ளலாம். இதனால் பொருளைப் பெறுதல் கலமோட்டும் திறனோடு இணைந்தது. உயிர்காப்புக் கலத்தில் தப்பினால் சரக்கு முழுவதும் இழப்பாகும். பட்டியலுக்கும் உலகுக்கும் இடையே அமைந்த தொடக்கக் காலப் பாலங்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

பின்னர்க் கணினியின் நினைவகம் பெருகியபோது பட்டியலும் பெருத்தது. பயோவேர் நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட்’ (2007) 150 பொருள்கள் வரை வைத்துக்கொள்ள இடமளித்தது. எல்லையை எட்டியபின் பொருள்களை ஒவ்வொன்றாக உருக்கி நீக்கும் வேலை ஆட்டக்காரருக்கு நேர்ந்தது. 2010-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் இவ்வமைப்பு ஏறத்தாழ முழுமையாகக் கைவிடப்பட்டது. பெருத்த பட்டியல், நீக்கப்பட்ட பட்டியல் ஆகிய இரண்டுமே பொருளைக் கையாளும் அனுபவத்தைத் தரவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

விண்பயண மெய்ம்மை: இரு நிகழ்வுகள்

உண்மையான விண்பணிகளில் கையிருப்பு எவ்வாறு செயற்படுகிறது என்பதை இரு நிகழ்வுகள் தெளிவுறுத்துகின்றன.

முதலாவது அப்பல்லோ 13. 1970 ஏப்ரலில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபின், ஜேம்ஸ் லோவெல், ஜாக் சுவைகெர்ட், ஃபிரெட் ஹெய்ஸ் ஆகிய மூவரும் நிலவுக்கலத்தில் தஞ்சம் புகுந்தனர். இருவருக்கு ஏறத்தாழ இரண்டு நாள் போதுமாறு அமைக்கப்பட்ட அக்கலம் மூவரை நான்கு நாள் அளவும் காக்க வேண்டியதாயிற்று. அவர்கள் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு உருளைகள் நிலவுக்கலத்தில் போதவில்லை. கட்டளைக் கலத்தில் மிகுதியாக இருந்த பெட்டிகளோ சதுர வடிவின. நிலவுக்கலத்தின் பொருத்துவாய் வட்ட வடிவினது. நெகிழிப் பைகள், கையேட்டின் அட்டை, விண்ணுடைக் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு ஓர் இணைப்பைத் தரைக்கட்டுப்பாட்டு மையத்தினர் வகுத்தனர். அதன் செய்முறையை வானொலி வழியே சொல்லச் சொல்ல விண்வெளி வீரர்கள் செய்து முடித்தனர். கையேட்டின் அட்டை படிப்பதற்கு உரியது. ஆயினும், விறைப்பானது, தட்டையானது, வளைக்கத்தக்கது என்னும் பண்புகளே அதனை உயிர்காக்கும் கருவியாக்கின.

இரண்டாவது நிகழ்வு 2008 நவம்பர் 18 அன்று நிகழ்ந்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளியே பணியாற்றிய ஹெய்டிமேரி ஸ்டெஃபானிஷின்-பைப்பரின் கருவிப்பையினுள் மசகுத் துப்பாக்கி ஒன்று கசிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பிணைக்கப்படாத பை மெல்ல விலகி மிதந்து சென்றது. எஞ்சிய பணியை அவரும் உடன் சென்ற ஸ்டீபன் போவெனும் ஒரே கருவிப்பையைப் பகிர்ந்து நிறைவேற்றினர். விண்வெளியில் ஒரு பொருளை வைத்திருத்தல் என்பதே தொடர்ந்து செய்யவேண்டிய ஒரு செயல் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பொருளின் பயன் அதன் பெயரில் அன்றிப் பண்பில் உள்ளது. பொருளை வைத்திருப்பது கவனத்தை வேண்டும் செயல். இவ்விரு உண்மைகளும் பட்டியல் மரபில் விடுபட்டவை. அவற்றை மீட்டெடுக்க முயன்ற விளையாட்டுகளை நான்கு அளவுகோல்களின்கீழ் ஆராயலாம்.

1. இடம்

கையிருப்பு ஆட்டவுலகின் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது முதல் அளவுகோல். எரிக் ஃபேகர்ஹோல்ட், மாக்னஸ் லோரென்ட்சோன் ஆகியோர் 2009-இல் சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு, இடைமுகக் கூறுகள் கதையுலகைச் சேர்ந்தவையா, ஆட்டத்தின் முப்பரிமாண வெளியில் அமைந்தவையா என்னும் இரு வினாக்களால் அவற்றைப் பகுத்தது.

இவ்விரு வினாக்களுக்கும் ‘ஆம்’ என விடை தரும் சான்றாக ‘டெட் ஸ்பேஸ்’ (2008) திகழ்கிறது. பழுதுற்ற சுரங்கக் கலம் ஒன்றில் சிக்கிய ஐசக் கிளார்க் என்னும் பொறியாளரே இதன் தலைமை மாந்தர். அவருடைய உயிர்நிலை உடையின் முதுகெலும்புப் பகுதியில் ஒளிக்கோடாகத் தெரிகிறது; குண்டுகளின் எண்ணிக்கை ஆயுதத்தின்மீதே ஒளிர்கிறது. கையிருப்பைத் திறந்தால் அவர் முன்னே ஓர் ஒளிப்படலம் விரிகிறது. அதை ஐசக்கும் பார்க்கிறார். அவ்வேளையிலும் ஆட்டம் நிற்பதில்லை. எனவே, எந்த அறையில், எந்தச் சுவரை முதுகுக்குப் பின் வைத்துக்கொண்டு பையைத் திறப்பது என்பதே ஒரு முடிவாகிறது. பட்டியலின் வடிவம் பெரிதும் மாறவில்லை. அது இருக்கும் இடம் மட்டுமே மாறியது. அம்மாற்றமே ஆட்டக்காரரின் நடத்தையை மாற்றிவிடுகிறது.

2. காலம்

பொருளைத் தேடி எடுத்துப் பயன்படுத்தும் நேரம் ஆட்டவுலகின் நேரத்தோடு ஒன்றுகிறதா என்பது இரண்டாம் அளவுகோல். ‘ஏலியன்: ஐசலேஷன்’ (2014) இதனைத் தன் அடித்தளமாகவே கொண்டது. அமாண்டா ரிப்ளி செவஸ்தபோல் விண்நிலையத்தில் உதிரிப்பொருள்களைத் திரட்டி மருந்துப் பெட்டி, ஒலியெழுப்பி முதலியவற்றைச் செய்துகொள்கிறார். செய்துகொண்டிருக்கும்போதும் வேற்றுயிரி நடமாடிக்கொண்டே இருக்கும். அசைவுணர் கருவியை உயர்த்தினால் பார்வை அதன் சிறுதிரையில் குவிகிறது, பின்னணி மங்கிவிடுகிறது. தொலைவில் இருப்பதை அறியவேண்டுமாயின் அருகில் இருப்பதைக் காணும் தெளிவை இழக்கவேண்டும். ஆட்டநிலையைச் சேமிப்பதற்கும் சுவரில் உள்ள அவசரத் தொடர்புப் பொறியில் அட்டையைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை காத்திருக்கவேண்டும்.

இங்கு ஒவ்வொரு பொருளுக்கும் இரு விலைகள் உள்ளன. ஒன்று அதைச் செய்யத் தேவையான உதிரிகள். மற்றொன்று அதைக் கையில் எடுப்பதற்குச் செலவாகும் நொடிகள். இரண்டாம் விலையே ஆட்டக்காரரின் அச்சத்தைப் பெருக்குகிறது.

3. பண்பு

பொருள் தன் பெயருக்குரிய ஒரே செயலைச் செய்கிறதா, தன் பண்புகளால் பல செயல்களுக்கு இடமளிக்கிறதா என்பது மூன்றாம் அளவுகோல். அப்பல்லோ 13 காட்டிய உண்மைக்கு இதுவே நேரானது. இவ்வகையில் மிகச் செறிவான சான்று ஆர்கேன் ஸ்டூடியோசின் ‘ப்ரே’ (2017).

நிலவைச் சுற்றும் டாலோஸ் 1 என்னும் விண்நிலையத்தில் கிடைக்கும் பசைத் துப்பாக்கி நுரையைப் பீய்ச்சும். நுரை உடனே இறுகும். இறுகும் பண்பு ஒன்றே பல பயன்களைத் தருகிறது. எதிரியை அசையாமல் நிறுத்தலாம், தீயை அணைக்கலாம், வாயுக் கசிவை அடைக்கலாம், சுவரில் நுரைக்கட்டிகளைப் படிகளாக்கி மேலேறலாம். அதே விளையாட்டில் மென்னுரை அம்பெய்யும் பொம்மை வில் ஒன்றும் உண்டு. அதனால் எதிரிக்குத் தீங்கில்லை. ஆனால், பூட்டிய அறையின் இடைவெளி வழியே எய்தால், உள்ளிருக்கும் கணினியின் தொடுதிரையை அவ்வம்பு அழுத்தும், கதவு திறக்கும். போர்க்கருவியாகப் பயனற்ற பொருள் திறவுகோலாகப் பயன்படுவதை ஆட்டக்காரரே கண்டடைகிறார்.

கோப்பை, நாற்காலி முதலிய அன்றாடப் பொருள்களாக உருமாறும் உயிரிகளும் இவ்விளையாட்டில் உள்ளன. அதனால், ஒரே மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தால் கை தயங்குகிறது. பொருளைப் பயன்படுத்துவதற்கு முன்பே, எடுக்கும் செயலிலேயே ஊடாட்டம் தொடங்கிவிடுகிறது. சேர்த்த வேண்டாப்பொருள்களை மறுசுழற்சிப் பொறியில் இட்டால் அவை மூலப்பொருள்களாகப் பிரிகின்றன. வேறொரு பொறியில் அவற்றிலிருந்து தேவையானதை உருவாக்கலாம். எல்லாப் பொருள்களும் இவ்வாறு மாற்றத்துக்கு உட்பட்டவையாதலின், எதை வைத்துக்கொள்வது, எதை உருமாற்றுவது என்னும் வினா பணி முழுவதும் தொடர்கிறது.

4. சுமை

சுமத்தல் உடலையோ கலத்தையோ பாதிக்கிறதா என்பது நான்காம் அளவுகோல். பல விளையாட்டுகளில் எல்லையை மீறினால் எடுக்க முடியாது என்னும் அறிவிப்பு மட்டுமே வரும். பெதஸ்டாவின் ‘ஸ்டார்ஃபீல்டு’ (2023) இதனைச் சற்றே விரித்தது. அளவுக்கு மீறிச் சுமந்து நடந்தால் உடையின் ஆக்சிஜன் குறைகிறது. கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது. எண்ணாக இருந்த சுமை மூச்சாக மாறுகிறது. ‘கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம்’ 2020 டிசம்பரில் பெற்ற 1.11 பதிப்பில், கொள்கலன்களுக்குப் பருமன், நிறை ஆகிய எல்லைகள் வகுக்கப்பட்டன. வெளியேறிப் பணியாற்றும் வீரர் பாகங்களை எடுத்துக் கலத்தில் பொருத்தவும் இயன்றது. கூடுதலாக ஏற்றும் ஒவ்வோர் உதிரியும் ஏவூர்தியின் எரிபொருள் கணக்கில் எதிரொலிக்கும்.

‘ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர்’ (2022) பையையே நீக்கிவிட்டு, உடைக்கவேண்டிய கலத்தைக் கையிருப்பாக்கியது. பெருங்கடனில் உழலும் ஒரு தொழிலாளி பழைய விண்கலங்களை வெட்டிப் பிரிக்கிறார். அலுமினியப் பாகங்கள் உலைக்கும், நானோகார்பன் பாகங்கள் செயலாக்கப் பொறிக்கும், மீளப் பயன்படும் கருவிகள் படகுக்கும் செல்லவேண்டும். எடையற்ற வெளியிலும் நிறை மறைவதில்லை என்னும் இயற்பியல் உண்மை இங்கு ஒவ்வோர் இழுப்பிலும் உணரப்படுகிறது. பெரிய தகட்டை அசைப்பது கடினம். அசைந்தபின் நிறுத்துவது அதனினும் கடினம். தவறான வாயில் விழுந்த பாகத்தின் மதிப்பு இழப்பாகும். பொருளைத் தெரிதலும் சுமத்தலும் வைத்தலுமே இங்குப் பணியாகின்றன.

பை இல்லாத பயணம்

நான்கு அளவுகோல்களையும் வேறொரு திசையில் கொண்டு செல்வது ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ (2019). 22 நிமிடங்களுக்கு ஒருமுறை அழிந்து மீளும் ஒரு சூரியக் குடும்பத்தை ஆராய்வதே இதன் பணி. ஆட்டக்காரரிடம் ஒலிவழித் தேடுகருவி, ஆய்வுக்கலம், மொழிபெயர்ப்புக் கருவி முதலிய சில கருவிகளே உள்ளன. அவை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. சுழற்சி மீளும்போது எஞ்சுவது அறிவு ஒன்றே. கலத்தின் பதிவேடு அவ்வறிவை வரைபடமாகக் காட்டுகிறது.

இவ்வாறு பொருள் சேர்க்கும் பழக்கத்தை நீக்கியபின், கதையின் இறுதியில் ஒரே ஒரு பொருளைக் கையில் ஏந்திச் செல்லவேண்டிய கட்டம் வருகிறது. காலச்சுழற்சியை இயக்கும் ஆற்றல் கருவை அதன் இருப்பிடத்திலிருந்து பெயர்த்து, பழைய கலம் ஒன்றிற்குக் கொண்டுசேர்க்கவேண்டும். பெயர்த்த கணமே சுழற்சி நின்றுவிடுகிறது. இனி இறந்தால் மீட்சி இல்லை. நூறு பொருள்களுள் ஒன்றாக இருந்திருந்தால் இக்கருவுக்கு இவ்வளவு கனம் வாய்த்திராது. பொருள்களின் எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொன்றின் பொருண்மையும் மிகுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

ஒரு மாதிரிப் பணி

மேற்கண்ட அளவுகோல்களை வடிவமைப்பில் பொருத்திப் பார்க்கலாம். கலத்தின் காற்றுத் தூய்மிப்பான் பழுதடைந்துள்ளது எனக் கொள்வோம். பட்டியல் முறையில், ‘வடிகட்டி’ என்னும் பொருள் ஆட்டக்காரரிடம் இருந்தால் ஒரு விசையால் பழுது நீங்கும். இல்லையேல் அவர் அதைத் தேடிச் செல்வார். இங்கு முடிவு எடுப்பதற்கு எதுவும் இல்லை.

இதனையே மாற்றி அமைக்கலாம். வடிகட்டிகள் உறங்கும் அறையிலும் ஆய்வறையிலும் இயங்கிக்கொண்டிருக்கும் பொறிகளில் மட்டுமே உள்ளன (இடம்). ஒன்றைக் கழற்றிய நொடியிலிருந்து அவ்வறையின் காற்றுக் கெடத் தொடங்குகிறது (காலம்). அதன் வாய் தூய்மிப்பானின் வாயோடு பொருந்தவில்லை. கையில் உள்ள குழாய், தகடு, நாடா ஆகியவற்றுள் எவற்றைக் கொண்டு இணைப்பது என்பதை ஆட்டக்காரரே கண்டறியவேண்டும் (பண்பு). அதைச் சுமந்து செல்லும் கை கதவைத் திறக்கவோ கைப்பிடியைப் பற்றவோ உதவாது (சுமை). பொருள் ஒன்றுதான், ஆனால், எந்த அறையைக் கைவிடுவது, எந்த இணைப்பு எவ்வளவு நேரம் தாங்கும், எந்தப் பாதையில் செல்வது என மூன்று முடிவுகள் பிறக்கின்றன. இம்முடிவுகளே பணியைக் கதையாக்குகின்றன.

எல்லைகள்

கையாளும் செயல்களைப் பெருக்குவதே தீர்வு எனக் கொள்வது பிழையாகும். முதல்முறை வியப்பூட்டிய அசைவு நூறாம் முறை சலிப்பூட்டும். ஒரே முடிவைத் திரும்பத் திரும்ப வேண்டும் செயல் ஊடாட்டம் அன்று, அது வேலையே. ஆதலின், விளைவு ஐயத்துக்கு இடமாகும் பொருள்களுக்கே விரிவான கையாளுதல் தகும். விளைவு உறுதியான, அடிக்கடி பயன்படும் பொருள்களுக்குச் சுருக்கமான வழியே ஏற்றது.

மற்றோர் எல்லை ஆட்டக்காரரின் உடலைச் சார்ந்தது. உலகம் நிற்காமல் ஓடும்போது சிறு ஒளியெழுத்தைப் படித்துப் பொருளைத் தெரிவது, பார்வைக் குறைபாடு உடையவர்க்கும் விரல்களை விரைந்து இயக்க இயலாதவர்க்கும் தடையாகிறது. காலத்தை மெதுவாக்கும் விருப்பத்தேர்வு, எழுத்தளவை மாற்றும் வசதி, பொருளின் நிலையை ஒலியாலும் உணர்த்தும் முறை ஆகியவை தேவை. காலத்தை முற்றிலும் நிறுத்தினாலும் பண்பு, சுமை ஆகிய இரு அளவுகோல்களின் ஊடாட்டம் எஞ்சியிருக்கும். ஆகவே, காலத்தை மட்டும் நம்பிய வடிவமைப்பு சிலரை வெளியே நிறுத்துகிறது. நான்கையும் கலந்த வடிவமைப்பு அனைவருக்கும் இடம் தருகிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழி அறியலாகும் முடிவுகள் பின்வருமாறு:

• கையிருப்பின் ஊடாட்டத்தை விசைகளின் எண்ணிக்கையால் அளத்தல் இயலாது. பொருளைக் கையில் எடுக்கும் கணத்தில் பிறக்கும் முடிவுகளால் அதனை அளக்கவேண்டும்.

• இடம், காலம், பண்பு, சுமை ஆகிய நான்கும் அம்முடிவுகளைப் பிறப்பிக்கும் வாயில்கள். ‘டெட் ஸ்பேஸ்’ போன்று ஒன்றிரண்டை மாற்றினும் ஆட்டக்காரரின் நடத்தை மாறுகிறது.

• அப்பல்லோ 13 நிகழ்வு காட்டும் பண்புவழிப் பயன்பாடே நான்கனுள் வளம் மிக்கது. விரைவையோ கண்கூர்மையையோ வேண்டாமல் சிந்தனையை மட்டும் வேண்டுவதால், அது பரந்த ஆட்டக்காரர்களுக்கும் உரியதாகிறது.

• பொருள்களைக் குறைத்தல் ஊடாட்டத்தைக் குறைப்பதில்லை. ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ காட்டுவதுபோல், ஒரே பொருள் ஒரு பணியின் முழுக் கனத்தையும் தாங்கலாம்.

விண்வெளியில் மனிதர் தம்முடன் கொண்டுசென்றவற்றைக் கொண்டே வாழ்கின்றனர். அவ்வாழ்வைச் சித்திரிக்கும் விளையாட்டில் கையிருப்பு கதைக்கு வெளியே நிற்கும் கணக்கேடாக இருந்தால், களம் வெறும் பின்னணி ஓவியமாகிவிடும். கையிருப்பு கதையுலகினுள் வரும்போதே பற்றாக்குறை உணரப்படுகிறது, விண்வெளியும் விண்வெளியாகிறது.